சனிக்கிழமை ஊத்தின தண்ணி

நான் கண்ணாடி கழுவறவ. இதைச் சொன்னா சில பேர் மூஞ்சி ஒரு மாதிரி போகும், போகட்டும். கேன்சருக்கு மருந்து தேடற ஆராய்ச்சிக் கூடம், மூணாவது மாடி, கடைசி அறை. அங்க பதினாலு வருஷமா பாட்டிலும் குடுவையும் கழுவறேன். படிச்சவங்க எத்தனையோ பேர் வருவாங்க போவாங்க, ஒரு பாட்டில்ல சோப்பு ஒட்டிக்கிட்டிருந்தா அவங்களோட ஒரு மாச வேலை பாழ். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஆனா இப்ப சொல்லப்போறது என் கதை இல்ல, ரோஸக்கா கதை.

ரோஸக்காங்கறது அவ பெத்தவங்க வெச்ச பேரு இல்ல, அவ கலக்கற தண்ணி கொடுத்த பேரு. தட்டுல வளர்க்கிற செல்லுங்களுக்குச் சாப்பாடு வேணுமே. உப்பு, சர்க்கரை, இன்னும் என்னென்னவோ சத்து எல்லாம் அளந்து கலக்கி, வடிகட்டி, பாட்டில்ல அடைச்சு வைப்பா. அது ரோஸ் நிறமா இருக்கும். செல்லுங்க அதுல இருக்கிற சர்க்கரையைத் தின்னுட்டுப் புளிப்பைக் கக்கினா தண்ணி ஆரஞ்சாகி மஞ்சளாகும். கேன்சர் செல்லு இருக்கே, அது தீனிப்பண்டாரம், ஒரே நாள்ல மஞ்சளாக்கிடும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசுதான், இருந்தாலும் ஊரே அக்கான்னு கூப்பிட நான் மட்டும் என்ன பேர் சொல்றது.

அவ அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு, தம்பிக்கு மூணு. அடுப்பு எட்டாம ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சமைச்சு அவனுக்கு ஊட்டினவ. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரே ஒரு வியாதி பிடிச்சுக்கிச்சு, யாரும் பசியோட இருந்தா தாங்காது. பக்கத்து வீட்டு நாய்க்கு வயிறு காஞ்சாக்கூட இவளுக்குத் தூக்கம் வராது. கல்யாணம் கூடி வந்தப்ப, தம்பி படிப்பு முடியட்டும்னா. அவன் படிப்பு முடிச்சு, லிஃப்ட் மெக்கானிக் ஆகி, அவனுக்குக் கல்யாணமும் ஆச்சு. இவளுக்குத்தான் காலம் போயிடுச்சு. கேட்டா, "எனக்கு ஒரு புள்ளை இருக்கானே, அது போதும்"னு சிரிப்பா.

எங்க கட்டடத்துக்கு அவ முதல்ல வந்தது கீழ கேன்டீன்ல டீ போட. அவ கையால போடற டீ வருஷத்துல எல்லா நாளும் ஒரே நிறம், ஒரே ருசி. அதைக் கவனிச்சு அவளை மேல கூட்டிட்டு வந்தது எங்க டாக்டரம்மா, அந்த மாடிக்கே அவங்கதான் தலைவி. ஒரு கிராமுல ஆயிரத்துல ஒரு பங்கு அளக்கற தராசை முன்னாடி வெச்சு, எப்படிக் கலக்கணும்னு ஒரு தாளு எழுதிக் கொடுத்தாங்க. எப்படின்னு எழுதினாங்க. ஏன்னு யாரும் எழுதல. அதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புது மருந்து வந்துச்சு. அதுக்காக ரோஸக்கா ரெண்டு விதத் தண்ணி கலக்கணும். ஒண்ணு வழக்கமான ரோஸ் தண்ணி, சர்க்கரை தாராளம். இன்னொண்ணுல அந்தச் சர்க்கரை கிடையாது, பால்ல இருந்து வர்ற வேற ஒரு சர்க்கரை. அதுல செல்லுங்க மெலிஞ்சு, மந்தமா, பார்க்கவே பாவமா இருக்கும். நாங்க அதைப் பட்டினித் தண்ணின்னு சொல்லுவோம். மனுஷ இதய செல்லை ரெண்டு தண்ணியிலயும் வளர்ப்பாங்க. வெள்ளிக்கிழமை மருந்தை ஊத்துவாங்க, திங்கட்கிழமை எத்தனை பிழைச்சிருக்குன்னு எண்ணுவாங்க. எண்றதுக்கு முன்னாடி பழைய தண்ணியை ரோஸக்கா உறிஞ்சி பாட்டில்ல எடுத்து எங்கிட்ட அனுப்புவா. நான் அதுல ப்ளீச்சிங் ஊத்திக் கொட்டிடுவேன். ஆக, அந்தத் தண்ணி என்ன நிறத்துல வருதுன்னு பார்க்கறது அவளும் நானும்தான். எண்ற மெஷினுக்கு நிறமெல்லாம் தெரியாது.

அந்த வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே தம்பிக்கு வயித்துல கேன்சர்னு தெரிஞ்சுது. நாப்பத்திரண்டு வயசு. ஊசி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணுக்கும் அது மசியல. ரோஸக்கா டாக்டரம்மா கால்ல விழாத குறையா கேட்டு, புது மருந்தை முதல்ல சாப்பிடப்போற ஆறு பேர்ல அவனையும் சேர்த்தா. சேர்த்தது மட்டுமில்ல, அவன்தான் முதல் ஆளு. திங்கட்கிழமை காலையில ஒம்பது மணிக்கு மாத்திரை.

அதுக்கு முந்தின வியாழக்கிழமை கீழ ஹால்ல கூட்டம் போட்டாங்க. வழக்கமா இந்த மாதிரிக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டாங்க. அன்னிக்கு டாக்டரம்மா, "எல்லாரும் வரணும், இது எல்லாரோட உழைப்பு"ன்னு சொல்லிட்டாங்க. நானும் ரோஸக்காவும் கடைசி வரிசையில உட்கார்ந்தோம். அவ புதுசா புடவை கட்டிட்டு வந்திருந்தா.

டாக்டரம்மா எங்களுக்கும் புரியற மாதிரி பேசினாங்க. அதான் வினையே.

"நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி அடுப்பு நூத்துக்கணக்குல இருக்கு. அதுக்குப் பேரு மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரையை மிச்சம் வைக்காம எரிச்சு சக்தி கொடுக்கறது அதுதான். கேன்சர் செல்லு மட்டும் சர்க்கரையை அவசர அவசரமா பாதி தின்னுட்டு மீதியைப் புளிப்பா துப்பிடும். அதனால அதோட அடுப்பு கெட்டுப்போச்சுன்னு ரொம்ப காலம் நினைச்சோம். கெடல. பெரும்பாலும் நல்லாவே எரியுது. கேன்சர் செல்லு பெருகிக்கிட்டே போகணும்ல, அதுக்கு வேண்டிய செங்கல் எல்லாம் அந்த அடுப்புலதான் சுடுது. நம்ம மருந்து அந்த அடுப்பை அமத்தும்."

எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

"பயம் என்னன்னா, அடுப்பு ஜாஸ்தியா இருக்கிறது இதயத்துல. அது ஒரு நிமிஷம் ஓய முடியாதே. மருந்து அங்கயும் அமத்திட்டா ஆளு போயிடுவாரு. எலிக்குக் கொடுத்தோம், எலி தாங்கிடுச்சு. மனுஷ இதயம் தாங்குமா? சாதாரண ரோஸ் தண்ணியில வெச்சுப் பார்த்தா தெரியாது. அதுல சர்க்கரை கொட்டிக் கிடக்கு, அடுப்பு அவிஞ்சாலும் செல்லு பாதி தின்னு பிழைச்சுக்கும். உடம்புக்குள்ள இதயத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனாலதான் அந்தச் சர்க்கரையை எடுத்துட்டு, அடுப்பு எரிஞ்சாத்தான் பிழைக்க முடியும்கிற தண்ணியில வெச்சுச் சோதிச்சோம். பன்னெண்டு வாரம். பன்னெண்டு தடவையும் நூத்துக்குத் தொண்ணூறு பிழைச்சிருக்கு."

எல்லாரும் கை தட்டினாங்க. டாக்டரம்மா கடைசி வரிசையைக் காட்டி, "அந்தத் தண்ணியைக் கலக்கினது நம்ம ரோஸக்கா"ன்னாங்க. மொத்த ஹாலும் திரும்பி அவளுக்குக் கை தட்டுச்சு. அவ வெக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவ காதுல, கிண்டலாத்தான் சொன்னேன். "என்னமோ பட்டினிங்கறாங்க. உன் பட்டினிக்காரங்க தண்ணி திங்கட்கிழமை எனக்கு மஞ்சளாத்தானே வருது. மூக்குப்பிடிக்கத் தின்னவங்க மாதிரி."

அவ முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. என் கையைப் பிடிச்சா.

"நான் சனிக்கிழமை கொஞ்சம் ஊத்துவேன்"னா.

"என்னத்த?"

"ரோஸ் தண்ணி. எல்லாத் தட்டுக்கும். கொஞ்சூண்டுதான்."



விஷயம் இதுதான். இந்த மருந்து வர்றதுக்கு முன்ன ஒரு தடவை, ஒரு வாரத் தட்டெல்லாம் திங்கட்கிழமை எண்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. "சனிக்கிழமை யாரும் எட்டிக்கூடப் பார்க்கலையா?"ன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. அதுல இருந்து ரோஸக்கா சனிக்கிழமை சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே, லீவு நாள்ல வந்து எட்டிப் பார்ப்பா. பட்டினித் தட்டைப் பார்த்தா செல்லெல்லாம் சுருங்கிக் கிடக்கும். பசியில வாடுதுன்னு நினைச்சா. ஓரவஞ்சனை கூடாதுன்னு எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவா, தராசு மாதிரி, நல்ல தண்ணி ஊத்திட்டுப் போவா. திங்கட்கிழமை அது மஞ்சளா இருந்தா, நல்லா சாப்பிட்டிருக்குன்னு சந்தோஷப்படுவா. மூணு வயசுத் தம்பிக்கு ஊட்டின கை அது, சும்மா இருக்குமா. அது வாடினது பசியிலயா மருந்துலயான்னு இப்ப யாருக்குத் தெரியும்?

ஹால்ல எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.

"போய்ச் சொல்லிடு"ன்னேன்.

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. அவனுக்கு இதை விட்டா வேற இல்ல."

"சொல்லலேன்னா?"

அவ மெதுவா, "அந்த மருந்து நல்ல மருந்தாவும் இருக்கலாமே. நான் ஊத்தாம இருந்திருந்தாலும் பிழைச்சிருக்கலாமே"ன்னா. "நீ யார்கிட்டயும் சொல்லிடாத. திங்கட்கிழமைக்குள்ள நானே ஒரு முடிவு எடுக்கறேன்."

நான் சரின்னேன். பெரிய நியாயஸ்தி மாதிரி இதெல்லாம் பேசறேனே, நானும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். பன்னெண்டு வாரம் மஞ்சத் தண்ணியைக் கொட்டினவ நான். கழுவறவகிட்ட யாரு கேட்டாங்கன்னு இருந்துட்டேன். இப்ப சொன்னா என்னையும் சேர்த்துத்தானே கேப்பாங்க. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க. அந்த மூணு நாளும் போன் அடிச்சா எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

வெள்ளிக்கிழமை அவ வேலைக்கு வந்தா. தராசுல சர்க்கரையை அளந்து அளந்து கொட்டினா, ஒரு அளவும் சரியா வரல, மேசையெல்லாம் சிந்தினா. அவ மேல வந்த பதிமூணு வருஷத்துல அவ சிந்தி நான் பார்த்ததில்ல. மத்தியானம் என் அறைக்கு வந்து, தொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, "இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. அதுல ஒரு பொண்ணு ஸ்கூல் டீச்சராம்"னா. சனிக்கிழமை கூடத்துக்கு வரல. ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருக்கா. அவன் அன்னிக்கு ஆறு மாசத்துக்கு அப்புறம் முகம் மழிச்சு, நல்ல சட்டை போட்டு, பொண்டாட்டியோட கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தானாம். அதைப் பார்த்துட்டு இவளுக்கு வாய் வரல. எனக்கு போன் பண்ணி, "அவன் சிரிக்கறான்டீ"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

திங்கட்கிழமை என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னா. எங்க கட்டடத்துக்கு எதிர்க்கட்டடம்தான். அறையில தம்பி கட்டில்ல காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டியிருந்தாங்க. பக்கத்துல அவன் பொண்டாட்டி கையில தண்ணி பாட்டிலோட நின்னுக்கிட்டிருந்தா. நர்ஸ் ஒரு சின்னக் காகிதக் கப்புல மாத்திரையைக் கொண்டுவந்தாங்க. வெள்ளையா, நகம் அளவுதான் இருந்துச்சு.

"பயமா இருக்கா?"ன்னு நர்ஸ் கேட்டாங்க.

"எனக்கென்ன சிஸ்டர் பயம்? இந்த மருந்து எங்கக்கா கையால போட்ட சாப்பாட்டுல தேறினது. நானும் அதுலதான் தேறினவன்"னு சொல்லிட்டு அவன் கப்பை வாங்கினான்.

ரோஸக்கா போய் அந்தக் கப்பைப் பிடுங்கினா. பிடுங்கின வேகத்துல மாத்திரை தரையில விழுந்து கட்டிலுக்கடியில உருண்டுச்சு.

"சாப்பிடாத. சோதனை தப்பு. நான்தான் தப்புப் பண்ணினேன்."

தம்பி பொண்டாட்டி முழங்கால் போட்டு கட்டிலுக்கடியில மாத்திரையைத் தேட ஆரம்பிச்சா. "அண்ணி, என்ன சொல்றீங்க நீங்க, என்ன சொல்றீங்க"ன்னு சொல்லிக்கிட்டே தேடினா. நர்ஸ் டாக்டரம்மாவுக்கு போன் பண்ணினாங்க.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. நாற்காலியில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டாங்க. அவங்க கேட்டது ரெண்டே கேள்வி.

"எத்தனை சனிக்கிழமை?"

"எல்லா சனிக்கிழமையும் டாக்டரம்மா."

"தண்ணி மஞ்சளா வந்துதா?"

ரோஸக்கா என்னைப் பார்த்தா. "வந்துச்சு"ன்னு நான் சொன்னேன். டாக்டரம்மா, "ஏன் ஊத்தக் கூடாதுன்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே"ன்னு அவங்களுக்கே சொல்லிக்கிட்ட மாதிரி சொன்னாங்க.

அன்னிக்கே மறுபடியும் தட்டு வெச்சாங்க. தண்ணி கலக்க ரோஸக்காவையேதான் கூப்பிட்டாங்க. இந்தத் தடவை யாரும் நடுவுல எதுவும் ஊத்தக் கூடாது. வியாழக்கிழமை வரைக்கும் நாங்க ஒழுங்கா சாப்பிடல. செல்லு பிழைச்சா, இவ வீணா தம்பி வாயில விழ இருந்த மருந்தைத் தட்டிவிட்டவ. செத்தா, தம்பிக்கு இனி மருந்தே கிடையாது. ரெண்டுல எதுக்காக வேண்டிக்கறதுன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

இதய செல்லு தட்டுல கூட்டமா வளர்ந்தா தானா துடிக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க. டாக்டரம்மா என்னைக்கூட கூப்பிட்டு மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. பதினாலு வருஷத்துல அதுக்குள்ள நான் கண்ணை வெச்சது அன்னிக்குத்தான். செவ்வாய்க்கிழமை அது துடிச்சுக்கிட்டிருந்துச்சு. புதன்கிழமை விட்டு விட்டுத் துடிச்சுது. ரோஸக்கா பக்கத்துல நின்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டா. அலமாரியில ரோஸ் தண்ணி பாட்டில் கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வியாழக்கிழமை காலையில பார்த்தா பட்டினித் தட்டுல ஒண்ணும் அசையல. மருந்து ஊத்தாத தட்டுல மட்டும் மெலிஞ்சு போயாவது துடிச்சுக்கிட்டிருந்துச்சு.

டாக்டரம்மா நோட்டுல எழுதிட்டு பேனாவை மூடினாங்க. "ஆறு பேர்"னாங்க.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனோம். அவளால தனியா போக முடியல, நான் கூடப் போனேன். மாடிப்படி ஏறும்போது ரெண்டு தடவை நின்னா. தம்பி சோபாவுல போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவ எதையும் சுத்தி வளைக்கல.

"நின்னுபோச்சுடா"ன்னா.

"எத்தனை நாள்ல?"

"மூணு நாள்."

"எனக்கு நாலு மாசம்னு சொல்லியிருக்காங்க. மூணு நாளுக்கு நாலு மாசம் லாபம்தானே"ன்னு சிரிச்சான். யாரும் சிரிக்கல. அவன் பொண்டாட்டி எழுந்து, "எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான் அண்ணி"ன்னு சொல்லிட்டு உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. அவமேல எனக்குக் கோபம் வரல. அவ இடத்துல நான் இருந்தா இன்னும் மோசமா பேசியிருப்பேன்.

கதவு சாத்தினதும் அவன் சிரிப்பு போயிடுச்சு. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டான்.

"அக்கா, எனக்கு பயமா இருக்கு."

அவனுக்கு மூணு வயசுல இருந்து நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் இவ ஆயிரம் தடவை, நான் இருக்கேன்ல, பயப்படாதன்னு சொல்லியிருப்பா. அன்னிக்குச் சொல்லல. போய் அவன் பக்கத்துல உட்கார்ந்தா.

"எனக்கும்தான்டா"ன்னா.

அவன் அவ தோள்ல சாஞ்சுக்கிட்டான். நான் போய் வாசக்கதவுகிட்ட நின்னுக்கிட்டேன்.